அரைத்த மாவு, மொய் நோட்டு, அப்ரைசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006ல் பேராவூரணிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆர். சாலையில் மூன்று ஐ.டி. கம்பெனிகளில் குப்பை கொட்டியவன் நான். முதலில் பெருங்குடி, அப்புறம் காரப்பாக்கம், இப்போது சிறுசேரி. ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் கொஞ்சம் கூடியது, வீட்டிலிருந்து தூரமும் கூடியது. ஊரில் எந்தப் பையன் இன்ஜினியரிங் முடித்தாலும் பெரியப்பா என் நம்பரைத்தான் கொடுப்பார். பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள், கூட வேலை பார்க்கும் சின்னப் பசங்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: ஐ.டி. வேலை பற்றி, லிங்க்ட்இன் என்ற வேலைத் தளத்தில் எல்லாரும் போடும் பதிவுகள் பற்றி. ஒரே பதிலை வாட்ஸப்பில் குரல்பதிவாக அனுப்பி அனுப்பிச் சலித்துப்போய், இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்களைக் கிண்டல் செய்யும் பக்கம் இப்படித் தொடங்குவதில் உள்ள வேடிக்கை எனக்கும் தெரிகிறது.

லிங்க்ட்இன்ல ஏன் அண்ணே எல்லாரும் ஒரே மாதிரியே எழுதுறாங்க?

சரக்கு இல்லாததால் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மென்பொருளைச் சோதிக்கும் குழுவை நடத்திய ஒரு டெஸ்ட் லீட் அந்த எண்ணத்தை மாற்றினார். காரப்பாக்கத்தில் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும். கிளையன்ட்டோடு போனில் பேசும்போது மேனேஜர் தொண்டையைச் செருமுவதிலிருந்து, வருடாந்திர ரேட்டிங்கை அறிவிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வரை அப்படியே நடித்துக் காட்டுவார். அவ்வளவு கூர்மையான ஆள். அவர் பதவி உயர்வு பெற்றபோது லிங்க்ட்இன்னில் எழுதியது இவ்வளவுதான்: இந்தப் பயணத்தில் வழிகாட்டிய தலைமைக்கு நன்றி, கற்றுக்கொண்டே இருக்கிறேன், அடுத்த அத்தியாயத்தை எதிர்நோக்குகிறேன். கீழே மேனேஜர் கைதட்டல் படம் போட்டிருந்தார்.

டீக்கடையில் இருந்த ஆள் எங்கே போனார்? அங்கேயேதான் இருந்தார். பேசும் இடம்தான் மாறியிருந்தது. அந்தப் பக்கத்தை யார் யார் படிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய மேனேஜர், நாளைய மேனேஜர், ஹெச்.ஆர்., கிளையன்ட், காலேஜில் கூடப் படித்தவன், சம்பந்தம் பேச வரும் வீட்டுக்காரர்கள். இத்தனை பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்க, கையில் மைக்கைக் கொடுத்தால் கல்யாண மேடையில் பேசுவதைத்தான் பேச முடியும். மாப்பிள்ளை தங்கமானவர், பெண் மகாலட்சுமி, சாப்பாடு பிரமாதம். யாரும் எழுந்து சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதில்லை.

பயம்தான் காரணம் என்கிறேன். அதனால் அப்படி எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது, அந்தப் பக்கத்தின்மேல் நம்பிக்கையும் குறைந்துவிட்டது. வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் சாம்பாரில் உப்பில்லை வகையைச் சேர்ந்தது. அது அங்கே கிடைக்காது.

அங்கே வரும் வெற்றிக் கதைகளுக்கென்றே ஒரு அச்சு இருக்கும்போலத் தெரிகிறதே?

இருக்கிறது, அதுவும் புதிது இல்லை. 80களிலும் 90களிலும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். வாசலில் ஒரு 15 பைசா அஞ்சலட்டையோ மங்கலாக அச்சடித்த நோட்டீசோ வந்து விழும். ஒரு சாமியின் அற்புதம் நாலு வரி. பிறகு, இதைப் பிரதி எடுத்துப் பலருக்கும் அனுப்பியவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது, அலட்சியமாகக் கிழித்துப்போட்ட ஒருவர் ரத்தம் கக்கினார் என்று இருக்கும். ஊர் பெயர் இருக்காது, ஆள் பெயர் இருக்காது, தேதி இருக்காது. எங்கள் அத்தை அதை நம்பவில்லை என்றுதான் சொல்வார். ஆனாலும் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு அஞ்சலட்டைகள் எழுதிக்கொண்டிருப்பார்.

இப்போது இதைப் பாருங்கள். 17 இன்டர்வியூவில் நிராகரிக்கப்பட்டேன், அழுதேன், விடாமல் முயன்றேன், இன்று அதே கம்பெனியில் டைரக்டர். கஷ்டம், திருப்பம், பலன் என்று அதே நோட்டீஸ். கடைசியில் 'உங்கள் கருத்து என்ன?' என்று ஒரு வரி, அது 'பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்பதன் புது உருவம். ரத்தம் கக்கியவர் மட்டும் இப்போது வேறு வேஷத்தில் வருகிறார்: தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாததால் வேலையிழந்த 40 வயதுக்காரர். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே ராத்திரி 11 மணிக்கு ஏதோ ஒரு கிளவுட் சான்றிதழ்ப் பாடத்துக்குப் பணம் கட்டுகிறோமே, அது அத்தை எழுதிய அஞ்சலட்டைதான்.

ஒரு வரி, ஒரு இடைவெளி, ஒரு வரி, ஒரு இடைவெளி. ஏன் இப்படி?

நீளமான பதிவில் முதல் சில வரிகள் மட்டும் தெரியும். மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். அதனால் முதல் வரியில் தூண்டிலைப் போட்டு, விஷயத்தை மடிப்புக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். 'நேற்று வேலையை விட்டேன்.' இடைவெளி. 'அப்பா எதுவும் பேசவில்லை.' இடைவெளி. திறந்து பார்த்தால் நேர மேலாண்மை பற்றி ஏழு குறிப்புகள்.

ஒருவர் ஒரு பதிவின்மேல் எவ்வளவு நேரம் தங்கி நிற்கிறார் என்பதையும் வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன்னின் பொறியாளர்களே 2020ல் எழுதினார்கள். 2021ல் ஒரு பதிவுக்கான எழுத்து வரம்பு 1,300லிருந்து 3,000 ஆனது. ஒன்று நிறைய நேரம் நிறுத்தச் சொல்கிறது, இன்னொன்று நிறைய இடம் கொடுக்கிறது. பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவர் பாம்பு, கீரி சண்டையை விடவே மாட்டார் தெரியுமா? இதோ விடுகிறேன், இதோ விடுகிறேன் என்று கூடையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு இதையெல்லாம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆட்டோ ஓட்டுநர் சொன்ன வாழ்க்கைப் பாடம், செக்யூரிட்டி அண்ணனின் ஞானம், இதெல்லாம் உண்மையா?

சில உண்மையாக இருக்கலாம். என்னைச் சோழிங்கநல்லூர் சிக்னலில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'சில்லறை இல்ல சார்.'

கூட வேலை செய்பவர் பதிவு போட்டால் லைக் போட்டே ஆக வேண்டுமா?

இதற்கு எங்கள் ஊர் மொய் விருந்தைத்தான் சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி வந்தால் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே விருந்து வைப்பார்கள். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஆட்டுக்கறிச் சாப்பாடு. பந்தலின் ஒரு பக்கம் மேசை போட்டு, பணம் எண்ண ஒருவர், எழுத ஒருவர். போனவர் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார். விருந்து வைத்தவர் வீட்டுக்குப் போனதும் பழைய நோட்டை எடுத்து ஒப்பிடுவார். நான் அவருக்கு 5,000 செய்தேன், அவர் திருப்பி எவ்வளவு செய்திருக்கிறார்? அதே 5,000 என்றால் கணக்கு முடிந்தது. கூடப் போட்டிருந்தால் உறவு தொடர்கிறது, அந்தக் கூடுதல் இப்போது என் தலைமேல் கடன். குறைத்திருந்தால் அடுத்த வருடம் பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், போர்வெல் போடவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் மொத்தமாகப் பணம் புரட்ட அந்த ஊர்களுக்கு அது ஒரு வழியாக இருந்தது. என் காலேஜ் ஃபீசில் பாதி மொய்ப் பணம்தான்.

லைக்கும் மொய்தான். நான் உன் பணி ஆண்டு நிறைவுக்கு வாழ்த்துப் போட்டேன், நீ என் சான்றிதழுக்குப் போடு. வாழ்த்து வாசகத்தைக்கூட அந்தத் தளமே எழுதித் தருகிறது, விரலால் தொட்டால் போதும். ஒரு வித்தியாசம் உண்டு. மொய் நோட்டில் எழுதிய தொகை அவசரத்துக்குக் கைகொடுக்கும். லைக்கை வைத்துப் போர்வெல் போட முடியாது. ஆனால் நோட்டைப் புரட்டும் கண் அப்படியேதான் இருக்கிறது. என் முந்தைய மேனேஜர் ஒருவர் அப்ரைசல் என்ற வருடாந்திர மதிப்பீட்டுப் பேச்சுக்கு நடுவே, சிரித்துக்கொண்டே, 'நம்ம போஸ்ட் எல்லாம் உங்க கண்ல படறதே இல்லையா?' என்று கேட்டார். அந்த வருடம் எனக்கு வந்த ரேட்டிங் வெறும் 3. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய எல்லாப் பதிவுக்கும் போட்டேன், படித்ததில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: மேனேஜருக்குப் போட்டுவிடுங்கள், மற்றவர்களுக்குத் தோன்றினால் போடுங்கள்.

ஏ.ஐ. வந்த பிறகு இந்த ஒரே மாதிரி எழுத்து கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது. முன்பு அரைத்த மாவையே அரைத்தார்கள், அதற்காவது கை வலித்தது. இப்போது கிரைண்டருக்கு சுவிட்ச் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பதிவையும் அது எழுதுகிறது, கீழே பாராட்டையும் அதுவே எழுதுகிறது, நடுவில் மனிதர் யாரும் இருந்த மாதிரியே தெரியவில்லை. ஒரே ஒரு நன்மை: மனிதர் எழுதியது இப்போது பளிச்சென்று தெரிகிறது. எழுத்துப்பிழை இருந்தால் நின்று படிக்கிறேன்.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்கிறார்களே?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் பேசிய காணொளி வெளியானது. இரண்டு முறையும் என் லிங்க்ட்இன் பக்கம் முழுக்க இதே பேச்சு. பாதிப் பேர் ஆமாம் என்று ஒரே மாதிரி எழுதினார்கள், பாதிப் பேர் இல்லை என்று ஒரே மாதிரி எழுதினார்கள். மேசையில் காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கொஞ்சம்தான்.

போட்டுப் பார்ப்போம். 70 மணி நேரத்தை 6 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 11 மணி 40 நிமிடம். 90ஐ 7 நாளுக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 13 மணி நேரம். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு வருபவனுக்கு, மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிப் போக வர 3 மணி நேரம் என்று வையுங்கள். 13ம் 3ம் 16. மிச்சம் 8 மணி நேரத்தில் தூங்கி, குளித்து, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுத்து, அந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையையும் முடிக்க வேண்டும். சமைப்பது யார் என்ற கேள்வியை அந்தப் பேச்சு எழுப்பவே இல்லை. அந்த 90 மணி நேரத்துக்குக் கீழே, சம்பளமில்லாமல் இன்னொருத்தரின் 90 மணி நேரம் இருக்கிறது.

இந்த விவாதத்தில் ஐ.டி.க்காரர்கள் மறந்துவிடுகிற ஒன்று. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. 24ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். என் பக்கத்தில் அதைப் பற்றி ஒருவரும் இடைவெளி விட்டுப் பதிவு எழுதவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021ல், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இங்கே சட்டம் திருத்தப்பட்டது. தி.நகர் துணிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்கள் ஸ்டூல் கேட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உயரம் மாற்றும் மேசை கேட்டோம். பணியிடக் கலாச்சாரம் என்ற சொல்லை யாராவது உச்சரித்தால் எனக்கு அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வரும்.

'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று எங்கள் கம்பெனியில் சொல்கிறார்கள். நம்பலாமா?

கம்பெனி பெயரைச் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை. ஆபீஸ் மாடி முழுக்கக் கரும்பு கட்டி, தெர்மாகோலில் மாடு செய்து, எல்லாரும் வேட்டி புடவையில். காலை 11:40க்கு எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு அழைப்பு வந்தது. காவிரி என்ற மீட்டிங் ரூமுக்கு வரச் சொன்னார்கள். அங்கே எல்லா அறைக்கும் ஆற்றின் பெயர். 12:15க்கு வெளியே வந்தார், கூடவே ஒரு செக்யூரிட்டி. லேப்டாப் ஏற்கெனவே அவர் மேசையில் இல்லை. ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து எடுக்கும்போது கயிறு வேட்டி அங்கவஸ்திரத்தில் சிக்கிக்கொண்டது. செக்யூரிட்டிதான் பிரித்துவிட்டார், பதமாக. 14 வருடம் அங்கே இருந்தவர்.

அவர் டிபன் பாக்ஸ் டிராயரிலேயே தங்கிவிட்டது. நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். திறந்தால் எலுமிச்சை சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சனிக்கிழமை மடிப்பாக்கத்தில் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியபோது, வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி அதில் முறுக்கை நிரப்பிக் கொடுத்தாள். குடும்பம் என்ற சொல்லுக்கு அது பொருந்தும். வியாழக்கிழமை சாயங்காலமே கம்பெனியின் லிங்க்ட்இன் பக்கத்தில் பொங்கல் படங்கள் ஏறியிருந்தன, ஒரே குடும்பம் என்ற ஹேஷ்டேக்குடன். மூன்றாவது படத்தில், ஓரமாக, அவரும் இருந்தார். காலை 10 மணிக்கு எடுத்தது.

இதற்காகக் கம்பெனியைச் சபிக்கச் சொல்லவில்லை. வேலை ஒரு ஒப்பந்தம், மாதக் கடைசியில் இரு தரப்பும் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் என்று நினைத்தால் ஆஃபர் லெட்டரைப் படிப்பீர்கள், குடும்பம் என்று நினைத்தால் படிக்க மாட்டீர்கள். அவர்கள் விரும்புவது இரண்டாவதை. ஐ.டி.க்காரர்களும் அப்போது நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. என் ஆபீஸ் மாடியில் 200 பேர் இருந்தோம். இது தெரிந்தவர்கள் நாலு பேர்.

சம்பளத்தைக் கூட வேலை செய்பவரிடம் சொல்லலாமா?

டீக்கடையில் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கு 2010 வாக்கில் வருடம் 3 லட்சத்துச் சொச்சம் கொடுத்தார்கள். இன்றும் பலருக்கு மூன்றரை லட்சத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. அதே டீக்கடையில் 2010ல் டீ 5 ரூபாய், இப்போது 15. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தால், அதனால் யாருக்குக் காசு மிச்சம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆஃபர் வரும்போது சி.டி.சி. என்ற மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு, இன்சூரன்ஸ், வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் வேரியபிள் என்ற ஊக்கத்தொகை, எல்லாவற்றையும் அதற்குள் அடைத்திருப்பார்கள். 'மாதம் கைக்கு எவ்வளவு வரும்?' என்று நேராகக் கேளுங்கள். ஹெச்.ஆர். கொஞ்சம் இழுத்தால் மறுபடி கேளுங்கள்.

12 வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறேன். தேங்கிவிட்டேனா?

அடிக்கடி மாறு என்பதும் நோட்டீஸ்தான், நிலைத்து நில் என்பதும் நோட்டீஸ்தான். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்று: உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு உங்கள் கட்டடத்துக்கு வெளியே பெயர் இருக்கிறதா? உள்ளே மட்டும் ஓடும் ஒரு மென்பொருளை, உள்ளே மட்டும் செல்லும் சுருக்கெழுத்துகளை 12 வருடம் கற்றிருந்தால் கவலைப்படலாம். வெளியே விலை போகும் வேலை என்றால், மாதத்துக்கு ஒருமுறை வாய் கிழியச் சிரிக்கும் புரொஃபைல் படத்தை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

ஆனால் பாதுகாப்பு என்று நினைத்து உட்கார்ந்திருந்தால், அந்த நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலை ஊழியர்கள் என்றே சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் வருடத்தில் 225 நாள் பில்லபிளாக, அதாவது கிளையன்ட் பணம் கட்டும் வேலையில், இருக்க வேண்டும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்குமேல் கூடாது என்ற விதி அங்கே வந்திருந்தது. அரசு வேலைக்கு அடுத்தபடி என்று சொல்லி ஊரில் பெண் கொடுத்த கம்பெனி அது. பெரியப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

வேலை போய்விட்டது. லிங்க்ட்இன்னில் எழுதலாமா?

எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் அந்தப் பச்சை வளையத்தையும் போடுங்கள். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கட்டும் பணம்தான் அந்தத் தளத்தின் பெரிய வருமானம், 2016ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு அதை வாங்கியதும் சும்மா இல்லை. ஆள் தேடுபவர்கள் அங்கே நிஜமாகவே தேடுகிறார்கள். என்ன வேலை தெரியும், எத்தனை வருடம், எந்த ஊர், எப்போது சேர முடியும் என்று நாலு வரி போதும். பழைய கம்பெனியை வாழ்த்தவும் வேண்டாம், வையவும் வேண்டாம்.

எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் பதிவாகப் போடுவதில்லை. கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், வருமான வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவம் 16களையும் உங்கள் சொந்த மெயிலுக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். லேப்டாப் போன பிறகு ஒவ்வொன்றுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணோடு உங்கள் சொந்த மொபைல்தான் இணைந்திருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு இனிஷியல் புள்ளிக்காக எட்டு மாதம் அலைந்தவர் என் நண்பர். வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கையில் வராமல் எந்த அறையிலும் எதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள், படித்துப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள்.

நிரந்தர ஊழியராக 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கணக்கு இது: கடைசி மாத அடிப்படைச் சம்பளம் (பேசிக்), பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். பேசிக் 40,000, சர்வீஸ் 8 வருடம் என்றால் 1,84,615 ரூபாய். சென்னையில் ஒரு வீட்டின் அஞ்சாறு மாதச் செலவு. மடிப்பாக்கத்து நண்பருக்கு இந்தக் கணக்கை முறுக்கு டப்பாவின் மூடிமேல் பேனாவால் போட்டுக் காட்டினேன்.

எதுவுமே எழுதாமல் இருந்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். என் மூன்று வேலையும் தெரிந்தவர் பரிந்துரைத்து வந்தவை. அந்த மூவரில் ஒருவர்கூட என் பதிவைப் படித்துவிட்டு அழைக்கவில்லை, என்னை நேரில் தெரிந்தவர்கள் அவர்கள். புரொஃபைலைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், அது விசிட்டிங் கார்டு மாதிரி. பெயருக்குக் கீழே 'கனவு காண்பவன், கதைசொல்லி, என்றும் மாணவன்' என்று எழுதாமல், என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

நீங்கள் அந்த மாதிரிப் பதிவு எழுதியதே இல்லையா?

எழுதியிருக்கிறேன். 2019ல் பதவி உயர்வு வந்தபோது நன்றி நவிலல், பயணம், அத்தியாயம் எல்லாம் உண்டு. 212 லைக். உண்மையில் நடந்தது வேறு. வெளியிலிருந்து ஒரு ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பேப்பர் போடப்போகிறேன், அதாவது ராஜினாமா செய்யப்போகிறேன், என்று சொன்ன பிறகுதான் அந்த உயர்வு வந்தது. சின்னப் பசங்களுக்கு உபயோகமான தகவல் அது ஒன்றுதான், அதைத்தான் பதிவில் எழுதாமல் விட்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதினேன், 2021ல். தினமும் சிஸ்டத்தில் ஏற்றும் ஒரு கோப்பில் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறி வந்துகொண்டிருந்தது. மாதத்தின் 1 முதல் 12ஆம் தேதி வரை எந்தப் பிழையும் காட்டாமல் தப்பான தேதியாக ஏறும். 13ஆம் தேதி வந்ததும், 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், கோப்பை ஏற்றும் தானியங்கி ஜாப் பாதியில் உடையும். எல்லாரும் 13ஆம் தேதி என்ன மாற்றினோம் என்று தேடுவார்கள், கோளாறு 1ஆம் தேதியே நுழைந்திருக்கும். இதைப் படமில்லாமல், இடைவெளியில்லாமல் பத்து வரியில் எழுதினேன். 11 லைக், அதில் ஒன்று என் மச்சானுடையது. ஒன்றரை வருடம் கழித்து, ஒரு 13ஆம் தேதி ராத்திரி 2:10க்கு, கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார்: 'சார், 1ஆம் தேதியிலிருந்து ஏறுனதையும் திருத்தணுமா, இல்ல இன்னிக்கு ஏத்துனா போதுமா?' 1ஆம் தேதியிலிருந்து திருத்துங்கள் என்றேன். விடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம், பேச்சு முழுக்க தேதிகள்தான்.

இதைச் சொல்லி முடிக்கும்போதே, இதுவும் அந்த நோட்டீஸ் அச்சிலேயே விழுந்துவிட்டது தெரிகிறது. என்ன செய்ய, நடந்தது அப்படி.

அவர் அந்தப் பதிவுக்கு லைக் போட்டாரா?

இல்லை.